நட்சத்திர ஆட்டக்காரர் சீசன் பாதியில் காயமானால்: 2021இல் பிரேவ்ஸ் செய்தது கெட்டிக்காரத்தனமா, அதிர்ஷ்டமா?

கிரிக்கெட்_பித்தன்:
பேஸ்பால் எனக்குப் புதுசு. விதிகள் ஓரளவு பிடிபட்டுவிட்டன, இந்த டிரேட் சமாச்சாரம்தான் தலையைச் சுற்றுகிறது. நம் ஐபிஎல்லில் கணக்கு எளிது. 2025இல் ருதுராஜுக்கு முழங்கை எலும்பு முறிந்ததும் சிஎஸ்கே ஆயுஷ் மாத்ரேயை 30 லட்சத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டது. இன்னொரு அணியிடம் போய் நிற்கவில்லை, பதிலுக்கு யாரையும் கொடுக்கவில்லை. பேஸ்பாலில் மட்டும் ஏன் ஒருவர் விழுந்தால் மற்ற அணியோடு பேரம் பேச வேண்டியிருக்கிறது? அதுவும் பணத்துக்கு வாங்காமல், பேர் தெரியாத பையன்களைக் கொடுத்து வாங்குகிறார்கள். 2021இல் அட்லாண்டா பிரேவ்ஸ் இப்படி ஆள் பிடித்தே கோப்பையை வென்றது என்று படித்தேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன்.

பீச்ட்ரீ_ராஜா:
நல்ல கேள்வி தம்பி. ஐபிஎல் ஏலத்தில் விலைபோகாத நூற்றுக்கணக்கானவர்கள் வெளியே காத்திருக்கிறார்கள், அதனால் மாற்று ஆள் வெளியிலேயே கிடைத்துவிடுகிறார். இங்கே 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு படி மைனர் லீக் அணிகள். மட்டை பிடிக்கத் தெரிந்த எல்லாரும் ஏதோ ஓர் அணியின் ஒப்பந்தத்துக்குள் இருக்கிறார்கள். ஜூலை மாதம் ஒருவர் ஒப்பந்தமில்லாமல் வீட்டில் இருக்கிறார் என்றால் 30 அணிகளும் வேண்டாம் என்று சொன்னவர் என்று பொருள்.

அதனால் காயம் ஆனதும் அணி முதலில் பார்ப்பது மைனர் லீக்கின் மேல்படியில் ஆடும் தன் சொந்த டிரிபிள்-ஏ அணியைத்தான். பிரேவ்ஸுக்கு அது குவினெட், ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, காலையில் போன் போட்டால் சாயங்கால ஆட்டத்துக்குப் பையன் வந்துவிடுவான். காயமானவரை 60 நாள் காயப் பட்டியலில் போட்டால் 40 பேர் கொண்ட பட்டியலில் ஓர் இடம் காலியாகும். சம்பளம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், அதில் விடுதலை கிடையாது.

குவினெட்டில் சரியான ஆள் இல்லையென்றால்தான் டிரேட். தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு இந்த வருஷம் ஜெயித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனிடம் இருக்கும் 30 வயது ஆட்டக்காரரின் ஒப்பந்தம் அக்டோபரில் முடிகிறது, எப்படியும் போய்விடுவார். அவரை இப்போதே கொடுத்துவிட்டு, நாலு வருஷம் கழித்து உபயோகப்படுவான் என்று நம்புகிற ஒரு பையனை வாங்கிக்கொள்ளும். அப்படி வருகிறவரை வாடகைக்கு வந்தவர் என்பார்கள். மூன்று மாத வாடகை, அவ்வளவுதான்.

கிரிக்கெட்_பித்தன்:
புரிந்தது அண்ணா. 2021 கதையையும் சொல்லிவிடுங்கள். யாருக்குக் காயம்?

பீச்ட்ரீ_ராஜா:
ரோனல்ட் அகூன்யா ஜூனியர். 2021 ஜூலை 10, மயாமியில் ஆட்டம். ஐந்தாவது இன்னிங்ஸில் மயாமியின் ஜாஸ் சிஷோம் ரைட் ஃபீல்டுக்கு ஓங்கி அடித்தார். அகூன்யா சுவரோரம் எகிறிப் பிடிக்கப் பார்த்தார். பந்து சிக்கவில்லை, இறங்கும்போது வலது கால் மடங்கியது. பந்து உருண்டுகொண்டிருக்க சிஷோம் நான்கு பேஸையும் ஓடி முடித்துவிட்டார். இவர் தரையில் கிடக்கிறார். எழுந்து நடக்கப் பார்த்தார், முடியாமல் வண்டியில் ஏற்றிப் போனார்கள். முழங்கால் தசைநார் முழுசாக அறுந்திருந்தது. சீசன் முடிந்தது.

அன்றைய தேதிக்கு 82 ஆட்டம், 24 ஹோம் ரன் (நம் சிக்சர் மாதிரி), 17 ஸ்டீல் (பிட்ச்சர் அசந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது), ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வாகியிருந்தார். அணியோ பாதி வெற்றி பாதி தோல்வி என்று இழுத்துக்கொண்டிருந்தது. இடைவேளைக்குப் போகும்போது 44 வெற்றி, 45 தோல்வி.

இதில் பலர் மறந்துவிடுவது ஒன்று உண்டு. அகூன்யா விழுவதற்கு முன்பே அந்த அவுட்ஃபீல்டு (லெஃப்ட், சென்டர், ரைட் என்று தூரத்தில் நிற்கிற மூன்று இடம்) ஓட்டைதான். லெஃப்ட் ஃபீல்டில் ஆட வேண்டிய மார்செல் ஒசூனாவுக்கு மே மாதம் விரல் முறிந்தது, அதோடு போலீஸ் வழக்கும் சேர்ந்து அந்த சீசனின் மிச்ச நாள் முழுக்க ஆளே இல்லை. சென்டருக்கு நம்பியிருந்த கிறிஸ்டியன் பாச்சேயால் அடிக்க முடியவில்லை, குவினெட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏப்ரஹாம் அல்மான்டே, கியெர்மோ ஹெரேடியா என்று கையில் கிடைத்தவர்களை வைத்து ஒப்பேற்றினார்கள். உள்வட்டத்தில் ஷார்ட்ஸ்டாப் ஆடுகிற ஓர்லாண்டோ ஆர்சியாவைக்கூட லெஃப்ட் ஃபீல்டில் நிறுத்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று இடத்தில் உருப்படியாக இருந்தது ஒன்று, அதுவும் போய்விட்டது.

ஜெனரல் மேனேஜர் அலெக்ஸ் அந்தோபுலஸ் ஐந்தே நாளில் சிகாகோ கப்ஸிடமிருந்து ஜாக் பீடர்சனை எடுத்தார். கொடுத்தது பிரைஸ் பால் என்ற மைனர் லீக் பையன். ஜூலை 30, டிரேட் கெடுவின் கடைசி நாள், ஒரே நாளில் இன்னும் மூன்று அவுட்ஃபீல்டு ஆட்கள்:

மயாமியிடமிருந்து ஆடம் டுவால். கொடுத்தது அலெக்ஸ் ஜாக்சன் என்ற கேட்சர்.
கான்சஸ் சிட்டியிடமிருந்து ஹோர்ஹே சோலேர். கொடுத்தது கேசி காலிச் என்ற மைனர் லீக் பிட்ச்சர்.
கிளீவ்லாந்திடமிருந்து எடி ரொசாரியோ. கொடுத்தது பாப்லோ சண்டோவால்.

இந்த நாலு பேருக்காகக் கொடுத்தவர்களில் பிரேவ்ஸ் பிற்பாடு நினைத்து வருந்தும்படி யாரும் இல்லை.

கிரிக்கெட்_பித்தன்:
சண்டோவால் என்றால் சான் பிரான்சிஸ்கோவுக்கு 2012 உலகத் தொடரில் (கோப்பைக்கான இறுதித் தொடரில்) ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தவரா? பெரிய ஆளாயிற்றே.

பீச்ட்ரீ_ராஜா:
அவரேதான், ஆனால் இது 2021. சராசரி .178, அதாவது ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 178 ஹிட்தான். கிளீவ்லாந்து அவரை வாங்கிய அன்றைக்கே விடுவித்துவிட்டது. ஒரு நாள்கூட அவர்கள் சட்டையைப் போடவில்லை.

கிரிக்கெட்_பித்தன்:
அப்புறம் எதற்கு வாங்கினார்கள்?

நியூஜெர்சி_நளினி:
இதற்கு நான் பதில் சொல்கிறேன். ரொசாரியோவின் ஒரு வருஷ ஒப்பந்தம் 80 லட்சம் டாலர். ஜூலை கடைசியில் அவர் வயிற்றுப் பக்கத் தசை பிடிப்பால் காயப் பட்டியலில் இருந்தார், சீசன் முடிந்ததும் கிளம்பிவிடுவார். கிளீவ்லாந்துக்கு அவரால் மிச்சம் ஒரு செலவு மட்டும்தான். சண்டோவால் வந்தது வரவு வைக்க அல்ல, டிரேட் என்றால் இந்தப் பக்கத்திலிருந்தும் யாராவது போக வேண்டுமே என்பதற்காக.

காயப்பட்டவருக்கு மாற்றாகக் காயப்பட்ட இன்னொருவரை வாங்கினார் அந்தோபுலஸ். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். ரொசாரியோ ஆகஸ்ட் 28 வரை பிரேவ்ஸுக்காகக் களமே இறங்கவில்லை.

மற்ற மூவரும் அன்றைய தேதியில் பளபளப்பாக இல்லை. சோலேரின் கான்சஸ் சிட்டி சராசரி .192. இந்த ஆட்டத்தில் .250 சுமார், .200க்குக் கீழே போனால் வேலைக்கே ஆபத்து. பீடர்சன் கப்ஸில் .230. டுவாலை 2020 டிசம்பரில் இதே பிரேவ்ஸ்தான் ஒப்பந்தம் தராமல் அனுப்பியது, ஏழே மாதத்தில் ஆள் கொடுத்துத் திருப்பி வாங்கியது. மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் இதெல்லாம்தான். நல்ல நிலையில் இருப்பவரை யார் ஒரு மைனர் லீக் பிட்ச்சருக்குக் கொடுப்பார்கள்?

ஆனால் உற்றுப் பார்த்தால் ஒரு கணக்கு தெரியும். பீடர்சன், ரொசாரியோ இடது கை. டுவால், சோலேர் வலது கை. எதிரணி எந்தக் கை பிட்ச்சரை இறக்கினாலும் பதில் உண்டு. சோலேர் 2019இல் 48 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக்கில் (30 அணிகளும் அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு லீக்) முதலிடம் பிடித்தவர், ஜூலை கடைசியில் மறுபடி சூடு பிடித்திருந்தார். டுவால் மயாமியில் ஏற்கெனவே 22 ஹோம் ரன் அடித்திருந்தார், பந்து பிடிப்பதிலும் கெட்டி. அந்த வருஷம் நேஷனல் லீக்கில் தன் அடியால் அதிக ரன் வரவைத்தவர் அவர்தான், 113 ஆர்பிஐ.

ஸ்கோர்கார்டு_சேகர்:
வழக்கமான புராணம் ஓடுகிறது, கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன், கோபிக்காதீர்கள்.

2021இல் பிரேவ்ஸ் 88 வெற்றி, 73 தோல்வி. பிளேஆஃபுக்குப் போன பத்து அணிகளில் அதுதான் குறைவு. 91 வென்ற டொராண்டோ, 90 வென்ற சியாட்டில் இரண்டும் வீட்டிலிருந்து டிவி பார்த்தன. அந்த வருஷம் நேஷனல் லீக் கிழக்குப் பிரிவு அவ்வளவு சொத்தை. அங்கே இருந்ததால் 88 போதுமாயிருந்தது. சான் பிரான்சிஸ்கோ இருந்த மேற்குப் பிரிவில் 106 வென்ற லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்கே இரண்டாவது இடம்தான்.

அப்புறம் ரொசாரியோ. நேஷனல் லீக் இறுதித் தொடரில் டாட்ஜர்ஸுக்கு எதிராக ஆறு ஆட்டத்தில் 14 ஹிட், சராசரி .560, தொடர் நாயகன். எல்லாம் சரி. அடுத்த வருஷம் அதே ஆளை நம்பி இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டார்கள், கண் அறுவை சிகிச்சை, சராசரி .212. ஆறு ஆட்டம் நன்றாக ஆடியவரைப் பார்த்து ‘என்ன ஒரு தேர்வு’ என்றால் எப்படி? பீடர்சன் பிரேவ்ஸுக்கு வந்த பிறகும் சராசரி .249தான். முத்து மாலை போட்டுக்கொண்டு வந்ததால் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

பீச்ட்ரீ_ராஜா:
முத்து மாலையைப் பற்றிப் பேசாதீர்கள் சார், எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள் எல்லாம் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள் :)

அதிர்ஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாலு பேரை வாங்கியதே அதிர்ஷ்டத்துக்கு இடம் விடத்தான். ஒருவரை நம்பினால் அவர் சூடாக இருக்க வேண்டும், அவருக்கு உடம்பு சரியாக இருக்க வேண்டும். நாலு பேரில் அந்த வாரத்துக்கு யாராவது ஒருவர் சூடாக இருந்தால் போதும்.

பிளேஆஃபில் முதலில் மில்வாக்கியோடு ஆடிய தொடரில் என்ன நடந்தது? நாலாவது ஆட்டத்துக்கு முன்னால் சோலேருக்குக் கோவிட். முதல் ஆளாக மட்டை பிடிக்க வேண்டியவர் அவர். வேறு அணியாக இருந்தால் கையைப் பிசைந்திருக்கும். அந்த இடத்துக்கு ரொசாரியோ வந்தார், அடுத்த டாட்ஜர்ஸ் தொடரில் நீங்கள் சொன்ன அந்த .560ஐ முதல் ஆளாக இறங்கித்தான் அடித்தார். ஆறாவது ஆட்டத்தில் வாக்கர் பியூலர் பந்தில் மூன்று ரன் ஹோமர், டாட்ஜர்ஸ் ஊருக்குப் போனார்கள். சோலேர் குணமாகி வந்து ஹூஸ்டனோடு உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் முதல் ஆளாக இறங்கியதுமே ஹோம் ரன்.

உலகத் தொடரின் நாலாவது ஆட்டம் இன்னும் ருசி. அப்போது நேஷனல் லீக் மைதானத்தில் பிட்ச்சரும் மட்டை பிடித்தாக வேண்டும், அவருக்குப் பதிலாக அடிக்க மட்டும் ஒருவரை வைத்துக்கொள்ளும் விதி 2022இல்தான் இரண்டு லீக்குக்கும் நிரந்தரமாகப் பொதுவானது. அதனால் அட்லாண்டாவில் நாலு பேரில் ஒருவர் வெளியே உட்கார வேண்டும். சோலேரை உட்காரவைத்தார்கள். ஏழாவது இன்னிங்ஸில் பிரேவ்ஸின் ஸ்வான்சன் ஹோமர் அடித்துச் சமன் செய்தார், அடுத்து பிட்ச்சர் அடிக்க வேண்டிய இடத்தில் சோலேரை எழுப்பி அனுப்பினார்கள். அவரும் அடித்தார், 3-2. பெஞ்சில் அப்படி ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது அதிர்ஷ்டமா? ஜூலை 30இல் போட்ட கணக்கு.

உலகத் தொடர் நாயகன் சோலேர். அதற்கு முந்தைய தொடரில் ரொசாரியோ. இரண்டு நாயகர்களுமே கெடு நாளில் வந்தவர்கள்.

மெட்ஸ்_மணி:
அதே ஜூலை 30இல் எங்கள் வீட்டில் நடந்ததையும் கேளுங்கள். சேகர் சாருக்கும் ராஜாவுக்கும் நடுவில் ஒரு சாட்சி.

அன்றைக்கு நேஷனல் லீக் கிழக்கில் முதலிடம் பிரேவ்ஸ் இல்லை, நாங்கள், நியூயார்க் மெட்ஸ். மே மாதத்திலிருந்தே நாங்கள்தான். ஜூலை 16இல் ஷார்ட்ஸ்டாப் ஃபிரான்சிஸ்கோ லிண்டோருக்கு விலாத் தசையில் காயம். எங்கள் முதன்மைப் பிட்ச்சர் டிகிராமும் ஜூலை 7க்குப் பிறகு பந்து போடவில்லை. எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? ஷார்ட்ஸ்டாப் போனாரா, இன்னொரு ஷார்ட்ஸ்டாப், அதுவும் பெரிய பேர். கப்ஸிடமிருந்து ஹாவியேர் பாயெஸ், கூடவே டிரெவர் வில்லியம்ஸ். கொடுத்தது பீட் க்ரோ-ஆம்ஸ்ட்ராங், 2020 டிராஃப்டில் (புதுமுகங்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) எங்கள் முதல் சுற்றுத் தேர்வு. அப்போது அவனும் தோள்பட்டை அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தான்.

பாயெஸ் மோசமாக ஆடினாரா என்றால் அதுவும் இல்லை. எங்களுக்காக 47 ஆட்டம், சராசரி .299. நடுவில் முதுகுப் பிடிப்பு, ஆகஸ்ட் கடைசியில் ரசிகர்களைப் பார்த்துக் கட்டைவிரலைக் கீழே காட்டிய ரகளை வேறு. ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. அணி மட்டும் கவிழ்ந்தது. 77 வெற்றி, 85 தோல்வி, மூன்றாம் இடம். சீசன் முடிந்ததும் பாயெஸ் டெட்ராய்ட் போய்விட்டார்.

க்ரோ-ஆம்ஸ்ட்ராங்? 2025இல் கப்ஸுக்காக 31 ஹோம் ரன், 35 ஸ்டீல், ஆல்-ஸ்டார். ஒவ்வொரு ஹோம் ரனுக்கும் எங்கள் வீட்டில் ஒரு பெருமூச்சு.

கிரிக்கெட்_பித்தன்:
அப்படியென்றால் பெரிய பேரை வாங்கினால் தோல்வி, சின்னப் பேரை வாங்கினால் வெற்றி என்பதா?

டாலஸ்_சித்ரா:
அப்படிப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எங்கள் டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் 2023 கதையைப் பாருங்கள்.

மணி அண்ணா சொன்ன அதே ஜேக்கப் டிகிராம். 2022 டிசம்பரில் ஐந்து வருஷத்துக்கு 18.5 கோடி டாலர் கொடுத்து நாங்கள் எடுத்தோம். ஆறே ஆட்டம் பந்து போட்டார், முழங்கை போய்விட்டது, ஜூனில் அறுவை சிகிச்சை. அணி முதலிடத்தில் இருக்கிறது, அதனால் கெடுவுக்கு முன்னால் ஆட்டத்தைத் தொடங்கிப் போடும் பிட்ச்சர்கள் இரண்டு பேரை வாங்கினார்கள்.

ஒருவர் மேக்ஸ் ஷெர்சர், சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதை மூன்று முறை வாங்கியவர். மெட்ஸ் அவர் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தானே கட்டுவதாக ஒப்புக்கொண்டது, அதற்கு ஈடாக நாங்கள் கொடுத்த பையன் லூயிசாங்கெல் அகூன்யா. ஆமாம், இந்த இழையின் நாயகனுடைய தம்பிதான்! இன்னொருவர் செயின்ட் லூயிஸிடமிருந்து ஜோர்டன் மாண்ட்கமெரி. அவர் வந்ததைத் தலைப்புச் செய்தியாக யாரும் போடவில்லை.

செப்டம்பரில் ஷெர்சருக்குத் தோள்பட்டைத் தசை இழுத்துக்கொண்டது. பிளேஆஃபில் திரும்பி வந்தார், உலகத் தொடர் மூன்றாவது ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸ் போட்டதும் முதுகு பிடித்துக்கொண்டது. அந்த அக்டோபர் முழுக்க வண்டி இழுத்தவர் மாண்ட்கமெரி. டாம்பா பே அணியோடு ஏழு இன்னிங்ஸ் ரன்னே தரவில்லை. ஹூஸ்டனோடு முதல் ஆட்டத்திலும் ஆறு இன்னிங்ஸுக்கு மேல் ரன் கிடையாது, ஏழாவது ஆட்டத்தில் நடுவில் இறங்கியும் போட்டார். கடைசியில் அரிசோனாவை 4-1 என்று ஜெயித்தோம். ஷெர்சர் ஒருவரை மட்டும் வாங்கியிருந்தால் அந்தக் கோப்பை இல்லை.

பெரிய பேர், சின்னப் பேர் என்பதை விட, எத்தனை பேர் என்பதுதான் எனக்குப் படுகிறது.

நியூஜெர்சி_நளினி:
சித்ரா சொன்னதோடு இன்னொன்று. பாயெஸ் விஷயத்தில் மெட்ஸ் போனவரின் இடத்தைப் பார்த்தது. பிரேவ்ஸ் அணியில் ரன் எங்கே வரவில்லை என்று பார்த்தது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், விலையில் பெரிய வித்தியாசம்.

அகூன்யா மாதிரி ஒருவரை ஜூலையில் வாங்க முடியாது. அப்படிப்பட்டவரை வைத்திருக்கும் அணி விற்காது, விற்றால் வருங்காலத்தையே கேட்கும். 2018இல் டாட்ஜர்ஸ் தன் ஷார்ட்ஸ்டாப் கோரி சீகருக்கு முழங்கை போனதும் மேனி மச்சாடோவை வாங்க ஐந்து பையன்களைக் கொடுத்தது. மூன்று மாதம் ஆடினார், உலகத் தொடரில் பாஸ்டனிடம் தோற்றார்கள், அவர் 30 கோடி டாலருக்கு சான் டியேகோ போனார்.

ஆனால் அல்மான்டேயும் ஆர்சியாவும் நிற்கிற இடத்தில் சுமாரான ஒருவரைப் போட்டாலே ஏறுமுகம்தான். அதுவும் இரண்டு மூன்று இடத்தில் என்றால் கூட்டிக் கழித்தால் அகூன்யா தந்ததில் பெரும்பங்கு வந்துவிடும். இந்த வகை ஆட்கள் சந்தையில் நிறைய, விலையும் குறைவு. அந்தோபுலஸின் சாமர்த்தியம் அங்கேதான். அவுட்ஃபீல்டு அத்தனை மோசமாக இருந்ததால் அந்த வழி அவருக்குத் திறந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஸ்கோர்கார்டு_சேகர்:
நளினி அம்மா, உங்கள் வாதத்தைச் சோதிக்க இயற்கையே ஒரு பரிசோதனை வைத்துக் கொடுத்திருக்கிறது. 2024.

மே 26, பிட்ஸ்பர்க். அதே அகூன்யா, இந்தத் தடவை இடது முழங்கால், அதே தசைநார். அதே பிரேவ்ஸ், அதே அந்தோபுலஸ். டுவால் மார்ச்சிலேயே திரும்பி வந்திருந்தார். ஜூலையில் வாஷிங்டன் விட்ட ரொசாரியோவைக் கூப்பிட்டார்கள். ஜூலை கடைசியில் சான் பிரான்சிஸ்கோவிடமிருந்து சோலேரையும் வாங்கினார்கள். நாலில் மூன்று பேர், பழைய படத்தை மறுபடி வெளியிட்ட மாதிரி.

பலன்? டுவால் சராசரி .182. ரொசாரியோ சில வாரத்தில் வெளியே. சோலேர் பரவாயில்லை ரகம். கடைசி நாளில்தான் வைல்ட் கார்டு (பிரிவில் முதலிடம் வராதவர்களுக்கான பிளேஆஃப் இடம்) கிடைத்தது, சான் டியேகோவிடம் இரண்டு ஆட்டத்தில் காலி.

இப்போது எண்ணைப் பாருங்கள். 2021இல் 88 வெற்றி. 2024இல் 89. தோல்வி இரண்டு வருஷமும் 73. ஒரு வெற்றி கூடுதல்! ஆனால் ஒன்று காவியம், இன்னொன்று யாருக்கும் நினைவில்லை. அக்டோபர் மூன்று வாரத்தில் என்ன நடந்தது என்பதை வைத்து ஜூலை முடிவுக்கு மார்க் போடுகிறோம். இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

பீச்ட்ரீ_ராஜா:
இது வலுவான அடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2024இல் ஓட்டை அவுட்ஃபீல்டில் மட்டும் இல்லை சார். ஏப்ரலிலேயே ஸ்பென்சர் ஸ்ட்ரைடருக்கு முழங்கை அறுவை சிகிச்சை. ஜூனில் மைக்கேல் ஹாரிஸுக்குத் தொடைத் தசை. ஜூலையில் ஆல்பீஸுக்கு மணிக்கட்டு, ஆகஸ்டில் ஆஸ்டின் ரைலிக்குக் கை எலும்பு. வீடு நாலு பக்கமும் ஒழுகியது. அத்தனையையும் மீறி 89 என்றால் கிறிஸ் சேல் சை யங் வாங்கும் அளவுக்குப் பந்து போட்டதால்.

அப்புறம் நீங்கள் ஒருவரை விட்டுவிட்டீர்கள். ரமோன் லாரியானோ. கிளீவ்லாந்து மே மாதம் விடுவித்த ஆள், பிரேவ்ஸ் மைனர் லீக் ஒப்பந்தத்தில் சும்மா எடுத்தது. 67 ஆட்டம், சராசரி .296, 10 ஹோம் ரன். அந்த வருஷம் அகூன்யாவின் இடத்தை உண்மையில் நிரப்பியவர் அவர்தான், சோலேர் இல்லை. டிரேடே செய்யவில்லை!

ஸ்கோர்கார்டு_சேகர்:
அதாவது 30 அணிகளும் வேண்டாம் என்றவர்தான் சிறந்த மாற்று. இந்த இழையின் இரண்டாவது பதிவில் நீங்களே எழுதியதை ஒருமுறை படித்துப் பாருங்கள் :)

பீச்ட்ரீ_ராஜா:
29 அணிகள். நாங்கள் வேண்டும் என்றோமே :)

நியூஜெர்சி_நளினி:
சேகர் சார் சொன்ன 88, 89 கணக்கில் ஒரு நுணுக்கம். 2021 சீசனை இரண்டாக வெட்டிப் பாருங்கள். ஆகஸ்ட் 6 வரை பிரேவ்ஸின் வெற்றி எண்ணிக்கை ஒருநாள்கூடத் தோல்வியைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு ஆடியதுதான் புது அணி. ஆகஸ்ட் நடுவிலேயே முதலிடம் வந்துவிட்டது. முழு சீசனின் 88ஐ வைத்து டிரேடுக்கு மார்க் போட்டால், டிரேடுக்கு முன்னால் ஆர்சியா லெஃப்ட் ஃபீல்டில் நின்ற நாட்களையும் அதன் தலையில் கட்டுகிறோம். மெட்ஸும் அதே வாரங்களில் சரிந்தது என்பது உண்மை, மணி சார் கோபிக்க வேண்டாம். ஆனால் வந்த நாலு பேரில் சோலேர் 55 ஆட்டத்தில் 14 ஹோம் ரன், டுவால் 16. அது அக்டோபருக்கு முன்னாலேயே நடந்தது.

ஸ்கோர்கார்டு_சேகர்:
அந்த 14, 16 இரண்டையும் ஏற்கிறேன். ரொசாரியோவை ஏற்கமாட்டேன். அவரை வாங்கியது லாட்டரிச் சீட்டு, விழுந்துவிட்டது. செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அவர் சைக்கிள் அடித்த அன்றைக்கு, சிங்கிள், டபுள், டிரிபிள், ஹோமர் நாலுக்குமாகச் சேர்த்து அவர் பார்த்ததே ஐந்து பந்து. அப்படிப்பட்ட வருஷம் அது.

மெட்ஸ்_மணி:
நான் கோபித்துக்கொள்ளவில்லை நளினி, பழகிவிட்டது.

கிரிக்கெட்_பித்தன்:
எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே ஒரு சந்தேகம். கெடு முடிந்த பிறகு, ஆகஸ்டில் ஒருவர் விழுந்தால்? ராஜா அண்ணா சொன்ன ரைலிக்கு ஆகஸ்டில்தானே கை முறிந்தது?

பீச்ட்ரீ_ராஜா:
முன்பு ஆகஸ்டில் வேறு வழியாக டிரேட் செய்ய ஒரு சந்து இருந்தது. 2019இலிருந்து அதை அடைத்துவிட்டார்கள். பெரிய லீக் பட்டியலில் இருப்பவரைக் கெடுவுக்குப் பிறகு டிரேட் செய்ய முடியாது. மைனர் லீக்கிலிருந்து ஏற்றலாம், இல்லையென்றால் வேறு அணி விடுவிக்கிற ஆள் யாராவது வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிளேஆஃபில் ஆட வேண்டுமானால் ஆகஸ்ட் 31க்குள் அணிக்குள் வந்திருக்க வேண்டும், அதைத் தவறவிட்டால் அக்டோபரில் உட்கார்ந்து பார்க்கலாம்.

ரைலிக்குக் கை முறிந்தது ஆகஸ்ட் 18. அதே நாட்களில் டெட்ராய்ட் ஜியோ உர்ஷேலாவை விடுவித்தது, அவரும் மூன்றாவது பேஸ்காரர். இரண்டே நாளில் பிரேவ்ஸ் கூப்பிட்டுக்கொண்டது. சீசன் முடியும்வரை ஒப்பேற்றினார்.

மெட்ஸ்_மணி:
அந்த சீசன் முடிந்த நாளைப் பற்றியும் பேசலாமே. செப்டம்பர் 30, அட்லாண்டாவில் இரட்டை ஆட்டம், முதல் ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், லிண்டோர், இரண்டு ரன் ஹோமர், 8-7.

பீச்ட்ரீ_ராஜா:
அதற்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள் மணி, நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்.